அரம் பிடித்த கைகளால் அந்தரத்தில் ஒரு பாதை

இயற்பியல், பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு

ஃபிளெமிங் என்ற பெயரைக் கேட்டவுடன் இயற்பியல் பயிலும் நமக்கு இடக்கை விதி நினைவுக்கு வரும். உயிரியல் பயிலும் நண்பர்களுக்குப் பெனிசிலின் நினைவுக்கு வரும். இக்கட்டுரை அவ்விருவரில் எவரைப் பற்றியதும் அன்று. ஃபிளெமிங் என்பதைத் தம் முன்பெயராகக் கொண்ட மற்றோர் அறிஞர் உண்டு. அவர்தாம் ஃபிளெமிங் ஜென்கின். தம் காலத்தில் பொறியியல் உலகம் முழுவதும் அறிந்திருந்த பெயர் அது.

நம் ஆய்வுக்கூடத்தில் மின்தடையை ஓம் கணக்கில் அளக்கிறோம். பொருளாதார வகுப்பில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படத்தைக் கரும்பலகையில் வரைகிறார்கள். விலங்கியல் வகுப்பில் டார்வின் கொள்கைக்கு எழுந்த எதிர்வாதங்களைப் படிக்கிறார்கள். இம்மூன்று இடங்களிலும் ஜென்கினின் கைத்தடம் உண்டு. ஆயினும், தம் வாழ்நாளின் கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் மனத்தை நிறைத்திருந்தது வேறொன்று. உயரக் கம்பங்களில் உருக்குக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன்மேல் மின்சாரத்தால் சரக்கு வண்டிகளை ஓடச் செய்ய வேண்டும் என்பதே அது. அந்த எண்ணம் எங்கே வேர்விட்டது என்பதை அறிய, அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது நலம்.

நாடு நாடாக நடந்த கல்வி

ஜென்கின் 1833-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை சார்லஸ் ஜென்கின் கடற்படையைச் சேர்ந்தவர்; கடலோரக் காவற்பணி பார்த்தவர். தாய் ஹென்ரியட்டா கமிலா. மதிப்புள்ள குடும்பமே ஆயினும் கையில் பணமில்லை. வரவு போதாதபோது தாயார் நாவல்கள் எழுதி அச்சேற்றிக் குடும்பத்திற்குத் துணை நின்றார்.

சிறுவன் ஃபிளெமிங் எடின்பரோ அகாதமியில் சேர்க்கப்பட்டான். பின்னாளில் மின்காந்தவியலின் தந்தையாகப் புகழ்பெற்ற கிளார்க் மாக்ஸ்வெல் அங்கே மேல் வகுப்பு மாணவர். இயற்பியல் அறிஞர் டெய்ட் உடன் படித்தவர். ஆனால் அப்படிப்பு நீடிக்கவில்லை. செலவு குறைந்த இடத்தில் வாழ வேண்டிய நிலையில் குடும்பம் 1846-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கும், அடுத்த ஆண்டு பாரிசுக்கும் குடிபெயர்ந்தது. 1848 பிப்ரவரியில் பாரிசில் புரட்சி வெடித்தது. பதினான்கு வயதுச் சிறுவன் அதைத் தன் கண்ணாலேயே கண்டான். பின்னர்க் குடும்பம் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரை அடைந்தது.

ஜெனோவா பல்கலைக்கழகத்தில் ஜென்கின் சேர்ந்தார். அங்கே பயின்ற முதல் புராட்டஸ்டண்ட் மாணவர் அவரே. தாய்மொழியல்லாத மொழியில் பாடம் கேட்டு, மின்காந்தவியலைச் சிறப்பாகப் பயின்று, முதல் வகுப்பில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை.

பட்டதாரி பிடித்த அரம்

1851-இல் இங்கிலாந்து திரும்பிய அந்த இளம் பட்டதாரி எங்கே போனார்? அலுவலக நாற்காலிக்குப் போகவில்லை. மான்செஸ்டர் நகரில் ஃபேர்பெர்ன் என்பாரின் எந்திரத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். முரட்டுத் துணி உடுத்து, காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே இரும்பை உளியால் செதுக்குவதும் அரத்தால் தேய்ப்பதும் அவருக்கு இடப்பட்ட வேலை. எண்ணெயும் கரியும் இரும்புத் தூளும் படிந்த பட்டறை அது.

வேலையை அவர் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. ஒரு பரப்பைச் சமமாகத் தேய்ப்பதற்கும் ஒரு கணக்கைச் சரியாகப் போடுவதற்கும் ஒரே விதமான பொறுமை வேண்டும் என்பதை அவர் அங்கே உணர்ந்திருக்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட கைவேலையைக் கண்டால் மகிழ்வதும், அரைகுறை வேலையைக் கண்டால் முகஞ்சுளிப்பதும் கடைசிவரை அவரிடம் மாறாத குணங்களாயின. பிறகு கிரீனிச்சில் பென் என்பாரின் எந்திரக் கம்பெனியில் வரைபடம் வரையும் பணி பார்த்தார்.

கடலடியில் கற்ற பாடம்

கடல்களைக் கடந்து தந்தி அனுப்பும் முயற்சிகள் மும்முரமாக நடந்த காலம் அது. 1857-இல் ஜென்கின் பர்க்கன்ஹெட் நகரில் கடலடித் தந்தி வடங்கள் செய்யும் நியூவால் கம்பெனியில் பொறியாளர் ஆனார். அடுத்த ஆண்டு எல்பா என்னும் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குச் சென்றார். சார்டினியாத் தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே பழுதுபட்டுக் கிடந்த வடத்தை மீட்பது அப்பயணத்தின் நோக்கம். கடலுக்கடியிலிருந்து வடத்தைப் பிடித்து இழுக்கும் பொறிகளைக் கப்பலில் பொருத்தும் பொறுப்பு இருபத்தைந்து வயது நிறைந்த அந்த இளைஞருடையது.

கடலடி வடம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நடுவே செப்புக் கம்பி. அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை. அதற்கும் வெளியே இரும்புக் கம்பிகளால் ஆன கவசம். கப்பலிலிருந்து ஆழ்கடலுக்குள் இறங்கும்போது வடம் தன் எடையைத் தானே தாங்க வேண்டும், அறுந்து போகக்கூடாது. அதே சமயம் மின்சாரத்தையும் ஒழுக்கின்றிச் சுமந்து செல்ல வேண்டும். இழுவிசையைத் தாங்குவதும் மின்னோட்டத்தைக் கடத்துவதும் ஒரே கயிற்றின் கடமையாகி விடுகின்றன. பிற்காலத்தில் அவர் அந்தரத்தில் கட்டிய கம்பிப் பாதைக்கும் இதுவே அடிப்படை. விதை கடலடியில் விழுந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் வானவெளியில் முளைத்தது என்று கூறத் தோன்றுகிறது.

1859-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு நல்ல உறவுகளைத் தந்தது. அவ்வாண்டில் ஆன் ஆஸ்டின் என்னும் மங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சனின் நட்பும் கிடைத்தது. இரண்டும் அவர் உயிருள்ளவரை நிலைத்தன.

ஓம் பிறந்த கதை

அந்நாளில் மின்தடைக்கு உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட அலகு இல்லை. ஒருவர் இத்தனை மைல் செப்புக் கம்பி என்பார். மற்றொருவர் ஜாக்கோபி செய்த கம்பிச் சுருளை அளவாகக் கொள்வார். சீமென்ஸ் பாதரசத் தம்பத்தை அளவாகக் கொண்டார். ஊருக்கொரு படி, கடைக்கொரு மரக்கால் என்றிருந்தால் நெல் வணிகம் எப்படி நடக்கும்? கடலடி வடத்தில் எங்கே பழுது என்பதைக் கரையிலிருந்தே மின்தடையை அளந்து கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கு இக்குழப்பம் பெரும் இடையூறாயிற்று.

1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் மேம்பாட்டுச் சங்கம், தாம்சனின் தூண்டுதலால், மின் அலகுகளுக்கென ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளராக அறிக்கைகளை எழுதி வேலைகளை நடத்திச் சென்றவர் ஜென்கின். 1863-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மாக்ஸ்வெல், பால்ஃபர் ஸ்டூவர்ட் ஆகியோருடன் சேர்ந்து, புவியின் காந்தப்புலத்தில் கம்பிச் சுருள் ஒன்றைச் சுழற்றி, மின்தடையின் அளவை நீளம், காலம் ஆகியவற்றின் அலகுகளிலேயே நிறுவும் ஆய்வைச் செய்தார். பள்ளியில் ஒன்றாக இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் சேர்ந்தது ஓர் அழகான நிகழ்ச்சி. 1865-இல் தரநிலைச் சுருள்கள் செய்யப்பட்டுப் பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டன. ஜெர்மானிய அறிஞர் ஓமின் பெயர் அலகுக்குச் சூட்டப்பட்டது. இதற்காக உழைத்த ஜென்கினின் பெயர் எந்த அலகுக்கும் இல்லை. அவர் அதற்காக வருந்தியவருமல்லர்.

பல துறை கண்ட பேராசிரியர்

1866-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், 1868-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பேராசிரியர் ஆனார். எடின்பரோவில் அப்பதவியை வகித்த முதல்வர் அவரே. அவரிடம் பயின்ற ஜேம்ஸ் ஆல்ஃப்ரெட் யூவிங்தான், இன்று நாம் காந்தவியலில் படிக்கும் ஹிஸ்டரிசிஸ் என்ற சொல்லைப் படைத்தவர். மற்றொரு மாணவர் வகுப்புக்கு ஒழுங்காக வராமலே வருகைச் சான்றிதழ் கேட்டு நின்றார். ஜென்கின் அவரைக் கண்டித்து வெட்கப்படச் செய்தார். அந்த மாணவர் பொறியாளர் ஆகவில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்னும் உலகறிந்த எழுத்தாளர் ஆனார். ஆசிரியரின் நெருங்கிய நண்பராகி, அவர் மறைந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். வகுப்புக்கு மட்டம் போடும் நண்பர்கள் இதில் முதற்பாதியை மட்டும் பின்பற்றலாகாது!

1867-இல் டார்வினின் கொள்கையை ஆராய்ந்து ஜென்கின் ஒரு மதிப்புரை எழுதினார். பெற்றோர் பண்புகள் பாலும் நீரும்போல் கலந்துவிடுமாயின், ஓர் உயிரிடம் புதிதாகத் தோன்றிய நற்பண்பு சில தலைமுறைகளில் கரைந்துவிடாதா என்பது அவர் எழுப்பிய வினா. டார்வினே இதை மதித்து, 1869-இல் வெளிவந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் இதற்கு இடமளித்தார். பண்புகள் அப்படிக் கரைவதில்லை என்ற விடையை மெண்டல் 1866-இலேயே அச்சிட்டிருந்தும், உலகம் அதை உணர்ந்தது 1900-இல்தான். ஜென்கின் தம் வாதத்திற்குக் காட்டிய எடுத்துக்காட்டில் அக்கால ஐரோப்பியரின் இனச்செருக்கு படிந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1870-இல் தேவை, அளிப்பு விதிகளைக் கோட்டுப் படங்களால் விளக்கி, அவற்றைத் தொழிலாளர் கூலிக்குப் பொருத்திக் காட்டினார். அன்றே விற்றாக வேண்டியவனுக்குக் கிடைக்கும் விலை வேறு. பொறுத்திருந்து விற்கக் கூடியவனுக்குக் கிடைக்கும் விலை வேறு. உழைப்பை விற்பவர் ஒன்றுகூடி நின்றால் பொறுத்திருக்கும் வலிமை பெறுவர் என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம். பட்டறையில் தொழிலாளரோடு தோளுரசி நின்றவரின் எண்ணம் இப்படிச் சென்றதில் வியப்பில்லை.

எடிசனின் ஃபோனோகிராஃப் பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, அதைக் கொண்டே 1878-இல் அக்கருவியைச் செய்துவிட்டார். யூவிங்குடன் சேர்ந்து உயிரெழுத்துகளின் ஒலியை அதில் ஆராய்ந்தார். வீடுகளின் சாக்கடைக் குழாய்களைப் பொறியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் சோதிக்கும் நல்வாழ்வுக் காப்புச் சங்கம் ஒன்றையும் எடின்பரோவில் தொடங்கி வைத்தார். மின்னலகும் சாக்கடைக் குழாயும் அவருக்கு ஒரே மதிப்புடைய வேலைகள்.

அந்தரத்தில் ஒரு பாதை

இனி அவருடைய கடைசி வேலைக்கு வருவோம். சுரங்கம், கல்வெட்டாங்குழி போன்ற இடங்களில் தொங்கு கயிற்றுப் பாதைகள் முன்பே இருந்தன. அவற்றில் ஓரிடத்தில் நிற்கும் நீராவி எந்திரம் நீண்ட கயிற்றையே இழுக்கும். கயிற்றோடு தொட்டிகளும் நகரும். கிணற்றுக் கப்பியில் கயிற்றை இழுத்தால் வாளி வருவது போல. சரக்கைவிடக் கயிற்றை இழுப்பதற்கே சக்தி வீணாகும். வளைவுகளில் தொல்லை மிகும்.

1882-இல் அயர்ட்டன், பெர்ரி என்னும் இரு பேராசிரியர்களின் மின்சார இரயில் திட்டம் பற்றி ஜென்கின் படித்தார். அயர்ட்டன் முன்னர் இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றியவர். பின்பு இருவரும் ஜப்பானில் டோக்கியோ பொறியியற் கல்லூரியில் ஒன்றாகப் பாடம் சொன்னவர்கள். அவர்களுடைய திட்டத்தைப் படித்ததும் ஜென்கினுக்குப் புதிய யோசனை உதித்தது. தண்டவாளம் தரையில்தான் கிடக்க வேண்டுமா? கம்பங்களில் தொங்கும் உருக்குக் கம்பியே தண்டவாளமாகவும், அதுவே மின்கடத்தியாகவும் இருந்தால் என்ன? கயிறு அசையாமல் நிற்க, மின்மோட்டார் பூட்டிய வண்டி அதன்மேல் ஓடினால் என்ன? இம்முறைக்கு டெல்ஃபரேஜ் என்று பெயரிட்டார். தொலைவு, சுமத்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது அப்பெயர்.

இதில் இரு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, மெல்லிய கம்பி பெரும்பாரத்தைத் தாங்குமா என்பது. சுமையை ஒரே இடத்தில் ஏற்றினால் கம்பி தாழ்ந்து தொய்யும். ஆகவே சுமையைச் சிறுசிறு தொட்டிகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு, நீண்ட வரிசையாக ஓட்டினார். எறும்புச் சாரை ஒரு பெரிய மூட்டை அரிசியையும் மணிமணியாகக் கடத்திவிடுவது போன்றது இது. ஒரு நேரத்தில் செல்வது சிறிது. நாள் முழுதும் சென்றால் பெரிது.

இரண்டாவது சிக்கல், மின்சுற்று. மின்னோட்டத்திற்குப் போகவும் வரவும் வழி வேண்டும். வண்டி தொடுவதோ ஒரே கம்பி. இதற்குக் கிடைத்த தீர்வு எளிமையும் அழகும் வாய்ந்தது. போவதற்கும் வருவதற்குமாக இரு கம்பிப் பாதைகள் இணையாக அமைந்தன. ஒவ்வொரு பாதையும் கம்பத்துக்குக் கம்பம் மின்காப்பிட்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதையின் துண்டு, கம்பத்தில் குறுக்காகச் சென்று, மற்றப் பாதையின் அடுத்த துண்டோடு இணைக்கப்பட்டது. இதனால் ஒரே பாதையில் அடுத்தடுத்த துண்டுகள் நேர், எதிர் என்று மாறி மாறி அமைந்தன. வண்டித் தொடரின் நீளம் ஒரு துண்டின் நீளத்திற்குச் சமம். முன்சக்கரம் நேர்த் துண்டில் இருக்கையில் பின்சக்கரம் எதிர்த் துண்டில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பியின் வழியே மின்னோட்டம் மோட்டாருக்குள் பாய்ந்து வண்டியை ஓட்டும். வேகம் மிகுந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பும் உண்டு. அதனால் வண்டியில் ஓட்டுநர் தேவையில்லை.

ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்து வெஸ்டன் என்னும் ஊரில் சோதனைப் பாதைகள் போடப்பட்டன. பிறகு சசெக்ஸ் மாவட்டத்தில் கிளைண்ட் என்னும் ஊரில் வாணிகப் பயனுக்கான முதல் பாதையின் வேலை தொடங்கியது. சிமெண்டு செய்வதற்கான களிமண்ணைக் குழியிலிருந்து இரயில் நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். தொலைவு ஏறத்தாழ ஒரு மைல். 18 அடி உயர மரக்கம்பங்கள்; கம்பத்துக்குக் கம்பம் 66 அடி; முக்கால் அங்குலக் கனமுள்ள உருக்குக் கம்பி; ஒரு தொடருக்குப் பத்துத் தொட்டிகள். கீழே மாடு மேயும். மேலே மண் போகும். உழவு நிலத்தை வெட்டிப் பாழாக்காமல், வேலியைப் பிரிக்காமல், பள்ளத்தை நிரப்பாமல் பாதை அமைந்தது.

காணாத திறப்பு விழா

1885 பிப்ரவரியில் சில நாட்களுக்குள்ளேயே தந்தையையும் தாயையும் ஜென்கின் ஒருசேர இழந்தார். அத்துயரிலும் டெல்ஃபர் வேலையை அவர் விடவில்லை. கோடையில் காலில் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அஞ்சத்தக்கதென்று எவரும் எண்ணாத சிகிச்சை. ஆனால் இரத்தத்தில் நச்சு பரவியது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெனிசிலின் கண்டறியப்பட இன்னும் 43 ஆண்டுகள் இருந்தன. 1885 ஜூன் 12-ஆம் நாள் தம் 52-ஆம் வயதில் அவர் காலமானார்.

வேலையை ஜான் பெர்ரி ஏற்று முடித்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1885 அக்டோபர் 17 அன்று கிளைண்ட் பாதை திறக்கப்பட்டது. நீராவி எந்திரம் டைனமோவைச் சுழற்ற, ஆளில்லா வண்டித் தொடர் அந்தரத்தில் அசைந்து அசைந்து சென்றது. அதைக் காண வேண்டியவர் அங்கில்லை.

டெல்ஃபர் பாதைகள் அவர் எண்ணியவாறு நாடெங்கும் பரவவில்லை என்பதும் உண்மை. குறுகிய இருப்புப்பாதைகளும், பின்னர் வந்த மோட்டார் லாரிகளும் அவ்வேலையை எடுத்துக்கொண்டன. ஆனால் உயரத்து உத்திரத்தில் ஓடி, மின்சாரத்தால் சுமை தூக்கும் எந்திரம் தொழிற்சாலைகளில் நிலைத்தது. ரஷ்ய மொழியில் அவ்வெந்திரத்திற்குப் பெயரே டெல்ஃபர்தான். அங்கே பட்டறையில் பாரம் தூக்கும் தொழிலாளி, யார் படைத்த சொல் என்று அறியாமலே அதை நாளும் சொல்கிறார்.

நமக்குரிய பாடம்

முப்பத்தைந்து காப்புரிமைகள், பல நூல்கள், கட்டுரைகள், ஒரு தலைமுறை மாணவர்கள் என்று ஜென்கின் விட்டுச் சென்றவை பல. நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அவருடைய அரத்தை.

நம் கல்லூரியில் என்னைப் போலவே குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தோர் பலர். கையில் அழுக்குப் படாத வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நம் வீட்டார் நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. ஜென்கின் அரத்தைத் தாமே விரும்பிப் பிடித்தார். வேண்டும்போது அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செல்லும் உரிமை அவருக்கு இருந்தது. நம் தந்தையருக்கும் தாயருக்கும் அவ்வுரிமை இருந்ததில்லை. ஆகவே, உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் பழைய வேலைக்கே திரும்புங்கள் என்று சொல்வதற்கு அவர் வரலாற்றை எவரும் சான்று காட்டலாகாது.

நான் சொல்ல வருவது வேறு. ஏற்றத்தில் கயிறு எவ்வளவு தாங்கும், வண்டியில் பாரத்தை எங்கே முன்தள்ளி ஏற்ற வேண்டும், எந்த இரும்பு எப்போது வளையும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதுவும் இயற்பியலே. அவர்கள் அதைச் சூத்திரமாக எழுதவில்லை. நாம் சூத்திரத்தை எழுதுகிறோம், கயிற்றைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்து வைத்திருந்ததால்தான் ஜென்கினால் ஒரு கம்பியைப் பார்த்து, இது வழியுமாகும், மின்னுமாகும் என்று காண முடிந்தது. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நம் எல்லோருக்கும் நிறைய இருக்கின்றன.